பச்சை வேரை வெட்டிய சாயக்காரர்

தரையில் விரித்த செய்தித்தாளில், ஒரு பக்கமாக வெட்டிப் போட்ட வேர்கள் கிடந்தன. அத்தனையும் பச்சை. தண்ணீர் குடித்துக் கொழுத்த, உயிருள்ள பச்சை. என் வீட்டுக்காரர் தேவராஜ் கையில் மிச்சச் செடி இருந்தது. அதில் தொங்கிக்கொண்டிருந்த வேரெல்லாம் பழுப்பு. அழுகி, சொதசொதத்து, மூக்கைப் பிடிக்க வைக்கும் பழுப்பு.

"முடிஞ்சுது எஸ்தரு. செத்ததையெல்லாம் சுத்தமா எடுத்துட்டேன், பாரு" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கையில் இருந்த அளவு டேப் கீழே விழுந்தது.

"அடப்பாவி மனுஷா! இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே?" என்று போட்ட சத்தத்தில், முன்னறையில் ரவிக்கை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண், தோளில் குண்டூசியோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

இந்தத் தொடரில் இதுவரை தையல் மிஷின் வாங்கிய கதை, புடவை ஓரத்துக்குப் பிகோ அடிக்கப் பழகிய கதை என்று என் பிழைப்பைப் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். செடி கொடியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை? எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு தறி நிற்கும், தொட்டி நிற்க இடம் ஏது! ஆனாலும் இந்த ஒரு செடியைச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு வெட்டுப்பட்டது வேர் மட்டும் இல்லை என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மண்ணே இல்லாத செடி

எங்கள் மகள் பிரிசில்லா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எங்கள் கல்யாண நாளுக்கு வந்தபோது, பஸ்ஸில் வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆர்க்கிட் செடியைக் கொண்டுவந்தாள். நீளத் தண்டில் வரிசையாகப் பூக்கள். கத்திரிப்பூ நிறம், உள்ளே இன்னும் அழுத்தமான கோடுகள்.

"அப்பா, கலரு எப்படிப்பா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"நல்லா இருக்குதுமா" என்றார் அவர்.

அவ்வளவுதான். அவள் முகம் கொஞ்சம் வாடியது. பஸ் களைப்பு என்று நினைத்தேன்.

அந்தப் பூக்கள் இருந்தன, இருந்தன, இருந்துகொண்டே இருந்தன. மல்லிகை மாலையில் பூத்துக் காலையில் வதங்குவதைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. இதென்னடா, பிளாஸ்டிக்கைக் கொடுத்து என் மகளை ஏமாற்றிவிட்டார்களா என்று சந்தேகமே வந்துவிட்டது. நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். நிஜப் பூதான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கொட்ட ஆரம்பித்தது. கடைசிப் பூவும் விழுந்ததும், செத்துப்போச்சு என்று முடிவு கட்டிக் குப்பை வண்டிக்கு எடுத்து வைத்தேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து மகள் வீடியோ காலில் வந்தாள்.

"அம்மா! வெளிய வெச்சிருக்கியா? தூக்கிப் போட்டுடாதம்மா, அது சாகலை, ரெஸ்ட்ல இருக்குது. பூ கொட்டினப்புறம் தொட்டி மாத்தணும். ஈஸிதான், பிகினர்ஸுக்குன்னே வீடியோ இருக்குது, அனுப்பறேன்."

தையல் மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து, ரவிக்கைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டே அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குத் திகைப்புதான். மண்ணே போடக் கூடாதாம்! மண் போட்டால் வேர் மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். என் அப்பா ஐயம்பேட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே ஓய்ந்துபோனவர். மண் வேண்டாத செடி ஒன்று இருக்கிறது என்றால் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்.

தேங்காய் மட்டைத் துண்டு, கரி, ஓட்டை ஓட்டையாக ஒரு தொட்டி. இவ்வளவுதான் தேவை. கோயில் தெருவில் தேங்காய் விற்கிறவரிடம் மட்டை கேட்டதற்கு, "கொசுவுக்குப் புகை போடவாம்மா?" என்றார். செடிக்கு என்றதும் சிரித்துவிட்டார். கரிக்கு அலையவே இல்லை. வீட்டுக்காரர் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். அடுத்த தெருவில் இருக்கும் சாயப்பட்டறையில், நூலைக் கொதிக்கவிடும் கொப்பரை அடுப்பில் அள்ள அள்ளக் கரி.

தொட்டிக்கு மட்டும், ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் கம்பியைக் காய்ச்சிச் சுற்றிலும் ஓட்டை போட்டேன். வீடு முழுக்க ஒரே நாற்றம். "இன்னா வேலைடி இது?" என்று அவர் கத்துவார் என்று பயந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சண்டைக்காரர் சாதுவான கதை

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நிறம் என்று வந்துவிட்டால் அவர் யாரோடும் சண்டை போடுவார். நெசவுக்காரரோடு, கடை முதலாளியோடு, சர்ச்சுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்த ஃபாதரோடுகூடப் போட்டிருக்கிறார். ஒருத்தர் "பச்சை" என்றால் போதும். "எந்தப் பச்சைங்க? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, வாழைக்குருத்தா? சும்மா பச்சைன்னா என்னாத்த போட்றது?" என்று பிடித்துக்கொள்வார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். "பொண்ணு கட்டியிருக்கிற செவப்புப் புடவை நான் எடுத்ததுதான்" என்று என் அம்மா பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா? "செவப்பு இல்லைங்க அத்தை, இது வெங்காயத் தோலு" என்றார். அம்மா விருட்டென்று உள்ளே போய்விட்டார். இந்தக் கல்யாணம் நடக்காது என்றே நினைத்தோம்.

நான் ரவிக்கைக்கு நூல்கண்டு பொறுக்கினால் அதிலும் மூக்கை நுழைப்பார். துணி மேல் வைத்துப் பார்த்து, "இது ஒரு புடி மங்கல், வேற எடு" என்பார். நான் எடுக்க மாட்டேன். அவர் விட மாட்டார். எங்கள் வீட்டில் காசு பணத்துக்காக நடந்த சண்டையைவிட நூல்கண்டுக்காக நடந்த சண்டைதான் அதிகம்.

செடி வருவதற்கு முந்திய மழைக்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. விடவே இல்லை. உடம்பு பாதியாகிவிட்டது. சளியைச் சோதித்துவிட்டு டி.பி. என்றார்கள். தெருவில் கேட்டவர்களிடம் நெஞ்சுச் சளி என்று சொல்லி வைத்தோம். உண்மையைச் சொன்னால் ரவிக்கை தைக்கக்கூட யாரும் வாசல் மிதிக்க மாட்டார்களே என்ற பயம்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒருநாள் தவறாமல் முழுங்கி வந்தார். இருமல் நின்றது. சதை போட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

உடம்பு தேறியதோடு மனுஷரும் மாறிவிட்டார். நான் எந்த நூல்கண்டை எடுத்தாலும், "நீ எடுத்ததே சரிதாம்மா" என்றார். இந்தப் புடவை மாம்பழக் கலர்தானே என்றால், "ஆமா." இல்லை, எலுமிச்சையோ என்றால், அதற்கும் "ஆமா, ஆமா."

சாயப்பொடிக் கடை வைத்திருக்கும் பாஷா பாயும் இதைக் கவனித்திருந்தார். அவரும் வீட்டுக்காரரும் வாலிப வயதிலிருந்து சிநேகிதம். ஒருநாள் தன் வீட்டு ரவிக்கையை வாங்க எங்கள் வாசலில் வந்து நின்று, "இன்னாம்மா, மந்திரம் கிந்திரம் போட்டியா? பட்டறைக்குப் போனா, 'நீங்களே கலர் பாத்து சொல்லுங்க பாய்'ன்றான். இத்தினி வருசத்துல எங்கிட்ட இப்படிக் கேட்டதே இல்லையே!" என்று சிரித்தார்.

எனக்கு ஒரே சந்தோஷம். நோய் வந்தாலும் வந்தது, மனுஷருக்குப் பொறுமை வந்துவிட்டது என்று சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனேன்.

ஊறவைத்த வேர்

தொட்டி மாற்றிய அன்றைக்கு வருகிறேன்.

வீடியோவில் சொன்னபடி முதலில் செடியைத் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தேன். பிறகு மெதுவாகப் பிதுக்கி வெளியே எடுத்தேன். அம்மாடி, எத்தனை வேர்! சுருண்டு, பின்னி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தது. உள்ளே இருந்த பழைய பட்டைத் துண்டெல்லாம் மக்கிப் பொடியாகியிருந்தது. தொட்டிக்கு மேலே வெள்ளி மாதிரி காய்ந்திருந்த நல்ல வேர், தண்ணீர் பட்டதும் என் கண்ணெதிரே பச்சையாக மாறியது. எனக்கு மயிர்க்கூச்செடுத்துவிட்டது.

"ஏங்க, ஓடியாங்க! வெள்ளையா இருந்த வேரு எப்படிப் பச்சையா மாறிடுச்சு பாருங்க!"

அவர் வந்து குனிந்து பார்த்தார். "ஆமா ஆமா, மாறிடுச்சு" என்றார். ஒரு வேரை நகத்தால் நெருடி, "மேல தோலு, உள்ள நூலு. பசை எடுக்காத பட்டு மாரியே இருக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண் வந்துவிட்டாள். மறுநாள் காலையில் முகூர்த்தம், ரவிக்கையை விட முடியாது. வேரைக் காயவிடவும் மனசில்லை. அவருக்குக் கத்தி பிடித்த கை. சிக்கு விழுந்த பட்டுநூலை ஓர் இழை அறாமல் பிரிக்கிறவர். அவரிடமே கொடுத்தேன்.

"பச்சையா இருக்கிறது உயிர் வேரு, அதைத் தொடாதீங்க. பழுப்பா இருக்கிறது செத்தது, அதை மட்டும் நறுக்கிடுங்க. கத்தியை நெருப்புல காட்டிக்குங்க. சந்தேகமா இருந்தா லேசா அமுக்கிப் பாருங்க. உயிரு இருந்தா கெட்டியா இருக்கும், செத்திருந்தா பொசுக்குன்னு அமுங்கும், தோலு கழண்டு நூலு மட்டும் கையில வரும்."

"அமுக்கி எதுக்குப் பாக்கணும்? கலரு தெரியாதா எனக்கு?" என்றார்.

பழைய ரோஷம் எட்டிப் பார்த்ததே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் முன்னறைக்குப் போனேன்.

ரெண்டு நூல்கண்டு

மறுபடி நான் கத்திய இடத்துக்கு வருகிறேன்.

"எதுக்கு இப்படிக் கூவறே? நீ சொன்ன மாரிதானே செஞ்சேன்? பழுப்பைத்தானே வெட்டினேன்?" என்று அந்தப் பச்சைக் குவியலைக் கை காட்டினார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. "பொண்ணு மடியில வெச்சிக்கினு வந்த செடிய்யா! பிடிக்கலைன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வேணும்னே வெட்டினியா?"

"அங்கிள், அது பச்சைங்க. கையில இருக்கிறதுதான் பழுப்பு" என்றாள் கல்யாணப் பெண். பாவம், உதவி செய்கிற நினைப்பு அவளுக்கு.

அவர் குவியலைப் பார்த்தார். கையில் இருந்த செடியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பகீர் என்றது.

அந்தப் பெண்ணைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மிஷின் டிராயரைத் திறந்து ரெண்டு நூல்கண்டு எடுத்தேன். ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. அவர் முன்னால் நீட்டினேன்.

"இதுல எது பச்சை?"

"இன்னா விளையாட்டு இது, சின்னப் பசங்க மாரி?"

"சொல்லுங்க."

அவர் நூல்கண்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். என் கண் எந்தப் பக்கம் போகிறது என்று தேடினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஒன்றைத் தொட்டார்.

பழுப்பு.

பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறிக்கு நிறம் பார்த்துச் சொன்ன கண் அது. ஒரு புடவையின் உடலுக்கும் முந்திக்கும் மயிரிழை நிறம் பிசகினாலும் பட்டறை வாசலிலேயே திருப்பி அனுப்பிய கண். அதற்குப் பச்சை எது, பழுப்பு எது என்று தெரியவில்லை.

"எப்பலேருந்து?" என்றேன்.

"பொங்கலு தாண்டி." கையில் இருந்த செடியை மெல்லக் கீழே வைத்தார். "மொதல்ல செவப்பு மங்குச்சு. சோப்புத் தண்ணியில அலசின மாரி. வெயிலு கம்மின்னு நெனைச்சேன். அப்புறம் பச்சையும் போச்சு. எல்லாம் ஒரே சேறு மாரி தெரியுது எஸ்தரு. தண்ணி குடிச்சு ஊதினதைத்தான் அழுகல்னு வெட்டிட்டேன்."

"அப்ப பட்டறையில எப்படிய்யா வேலை செஞ்சே?"

"டப்பாவுல பேரு போட்டிருக்குது. எடை தெரியும். கொதியிலேருந்து எடுத்தப்புறம், வர்றவங்ககிட்ட, 'நீங்களே வெளிச்சத்துல பாத்து சொல்லுங்க'ன்னு கேட்டுக்குவேன். மரியாதை குடுக்கறேன்னு நெனைச்சிக்கினாங்க."

நானும் அப்படித்தானே நினைத்தேன்! ஒவ்வொரு "ஆமா"வும் வரிசையாக என் காதில் வந்து விழுந்தது. மாம்பழம், எலுமிச்சை, நீ எடுத்ததே சரிதாம்மா. பொறுமை வந்துவிட்டது என்று சர்ச் முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, அது பொறுமையே இல்லை. மனுஷருக்குச் சண்டை போடக் கண் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருப்பேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

புள்ளிப் புத்தகம்

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்று அடம். "கண்ணாடி மாத்தினா சரியாப்பூடும்" என்றார். ஷேர் ஆட்டோவில் கையை விடாமல் பிடித்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்தார். கலர் புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்தே எனக்கு எண் பளிச்சென்று தெரிந்தது. வீட்டுக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க செவுத்துப் பக்கம் திரும்பிக்குங்க" என்றார் டாக்டரம்மா. கெட்டிக்காரி.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. புரண்டது, மறுபடி புரண்டது. இவர் வாயிலிருந்து ஓர் எண்கூட வரவில்லை. கடைசியில், "வெறும் புள்ளிதாம்மா தெரியுது" என்று சொன்னதுதான் கேட்டது.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்டார். நான் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. டி.பி. மாத்திரைகளில் ஒன்று, ரொம்ப அபூர்வமாகச் சிலருக்குக் கண் நரம்பைத் தொட்டுவிடுமாம். அப்படித் தொட்டால் முதலில் போவது சிவப்பும் பச்சையும்தானாம். நிறம் போன பிறகும் கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடுமாம்.

"மாத்திரை குடுக்கிற எடத்துல பார்வை எப்படி இருக்குதுன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. போறப்பல்லாம் கேட்டாங்க" என்றார் இவர்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா தெரியுதுன்னு சொன்னேன்."

"ஏன் சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சாயக்காரன்மா நானு" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஆர்க்கிட் செடிக்குத் தொட்டி மாத்தினோம்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்தது எனக்குத்தான் ஏதோ சோதனை செய்யப் போகிறார் என்று பட்டது. முழுக் கதையையும் சொன்ன பிறகு, "அந்தச் செடிக்கு நீங்க கோயில் கட்டணும்" என்றார்.

அங்கிருந்தே மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் போனில் பேசினார். வைத்தியத்தை நிறுத்தவில்லை. அந்த ஒரு மாத்திரையை மட்டும் எடுத்துவிட்டு வேறு முறை எழுதிக் கொடுத்தார்கள். "நிறம் திரும்பி வரலாம். மெதுவாத்தான் வரும். பாதி வந்து நிக்கவும் நிக்கலாம். உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வரலைன்னா இன்னா பண்ணுவேன் எஸ்தரு? எனக்கு வேற இன்னா தெரியும்?"

நான் எழுந்து ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன்.

மொட்டைச் செடி

பாஷா பாயிடம் மட்டும் உண்மையைச் சொன்னோம். அவர், "எங்கிட்டயே மறைச்சியேடா பாவி" என்று இவரைத் திட்டித் தீர்த்தார். மறுநாளிலிருந்து, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கொப்பரையிலிருந்து நூல் எடுக்கிற நேரத்துக்குப் பட்டறையில் வந்து நிற்க ஆரம்பித்தார். பாய் நிறம் சொல்வார், இவர் கை வேலை செய்யும்.

மகளுக்கு போன் செய்தேன். அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னதும் அவள் அழுத அழுகை தாங்க முடியவில்லை. "கலரு எப்படின்னு கேட்டேனேம்மா, நல்லா இருக்குதுன்னு மட்டும் சொன்னாரே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். செடியின் கதையைக் கடைசியில்தான் கேட்டாள். இருக்கிற அழுகலையும் எடுத்துவிட்டு, வெட்டுப்பட்ட இடத்தில் லவங்கப்பட்டைப் பொடி தொட்டு, ஈர மட்டைத் துண்டு மேல் செடியை உட்கார வைத்து, பாலிதீன் கவர் போட்டு மூடச் சொன்னாள். அப்படியே செய்தேன். வேரே இல்லாத மொட்டைச் செடி, ரெண்டு இலையோடு கவருக்குள் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு எனக்கு ரெண்டு வேலை. காலையில் எழுந்ததும் கவருக்குள் எட்டிப் பார்ப்பேன். பிறகு அவரை எட்டிப் பார்ப்பேன்.

"இந்தத் துணி இன்னா கலருங்க?" என்று கேட்பேன். சில நேரம் சரியாகச் சொல்வார். அதை எப்படி நம்புவது? என் முகத்தைப் பார்த்தே பதில் கண்டுபிடிக்கப் பழகிய மனுஷர். நானே வாய் தவறி, "இந்த மெரூனு நல்லா இருக்குதுல்ல?" என்றுவிட்டால், உடனே "ஆமா" என்பார். அந்த "ஆமா"வைக் கேட்டாலே துணியைப் பிடுங்கிக்கொள்வேன். முன்பெல்லாம் எத்தனை இனிப்பாக இருந்தது! கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டேன்.

செடியில் ஓர் இலை மஞ்சளாகி விழுந்தது. மிச்சம் ஒன்றுதான். டாக்டரம்மாவிடம் மாதா மாதம் போய் வந்தோம். "கொஞ்சம் தேவலாம்" என்றார், "இன்னும் பார்க்கணும்" என்றார். புள்ளிப் புத்தகம் எடுக்கும்போதெல்லாம் நான் கேட்காமலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வெயில் போய் மழை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்புகிற அவசரம். தலையை முடிந்துகொண்டே வழக்கம்போல் கவருக்குள் எட்டிப் பார்த்தேன். கவர் முழுக்க ஆவி படிந்திருந்தது. கண்ணாடியும் போடவில்லை. ஆனாலும் தண்டின் அடியில், நேற்று இல்லாத ஏதோ ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க! வேரு! வேரு விட்டுடுச்சுங்க! பச்சையா ஒரு வேரு!" என்று கத்தினேன்.

வாயில் பிரஷ்ஷோடு வந்தார். கவரைத் தூக்கினார். குனிந்தார். நான் அந்த "ஆமா"வுக்காகக் காத்திருந்தேன்.

"பச்சையா?" என்றார். பிரஷ்ஷை வெளியே எடுத்தார். "எதுடி பச்சை? கண்ணைத் தொறந்து பாரு. நுனி அரக்குடி இது! அரக்குகூட இல்ல, அரக்குல ஒரு புடி கத்திரிப்பூ ஓடுது. இதைப் போயி பச்சைன்றியே, இத்தினி வருசமா என்னாத்த ரவிக்கை தைச்சே நீ?"

ஓடிப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தேன்.

அரக்கு. அரக்கில் ஒரு பிடி கத்திரிப்பூ.

யாரும் அவருக்குச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை, என் முகத்தில் பச்சைதானே இருந்தது? நான் சொன்னதை, பல மாதம் கழித்து முதல்முறையாக, தப்பு என்கிறார். அதுவும் எச்சில் தெறிக்கத் திட்டுகிறார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சர்ச் புடவை ஈரத்தில் நனைந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அவருக்கு இன்னும் விளங்கவில்லை, அவர் பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தார்.

"இல்லைங்க. பச்சைதான்" என்றேன் வேண்டுமென்றே.

"இன்னாது? எங்க, வெளிச்சத்துல வந்து பாருடி! பச்சையாம் பச்சை!"

"பச்சைதான்" என்றேன் மறுபடியும், அழுதுகொண்டே. சர்ச் மணி அடித்து ஓய்ந்தது. அவர் சண்டையை விடவில்லை. நானும் விடவில்லை.